கண்ணை மூடிச் சொன்ன புத்தி

7 மார்ச் 1936, சனி. சித்தூர்

வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து, குடும்பச் சண்டைகளையும் தீர்த்துவைக்கிற பைபிள் உமன் நான். என் வாய்க்குப் பயப்படாத மாமியார் இந்த ஊரில் இல்லை. மிஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் மேற்பார்வை அம்மாள் ஜெயகுமாரிக்கு என் மகள் வயது. இனிச் சனிக்கிழமைதோறும் அவள் எதிரே உட்கார்ந்து, போன வீட்டில் என்ன பேச்சு நடந்தது, அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று ஒப்பிக்க வேண்டுமாம். மனதில் என்ன ஓடும்? பசிதான் ஓடியது. அதையே சொன்னேன். சிரிக்காமல் தலையாட்டினாள்.

ஜெயசீலி விஷயத்தையும் சொன்னேன். திருப்பதியில் கம்பவுண்டராக இருக்கும் ஆர்தரின் மனைவி. கோபித்துக்கொண்டு இங்கே தாய் வீட்டில் இருக்கிறாள். அடி இல்லை, குடி இல்லை. ஏன் வந்தாள் என்று வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஈஸ்டருக்குள் வராவிட்டால் அவள் பெட்டியை அனுப்பிவிடுவதாக ஆர்தர் சொல்லியனுப்பிவிட்டான்.

"நீங்க அவளை என்ன கேட்டீங்க, கிருபாவதி அக்கா?"

கேட்பதா? புருஷனிடம் போய்ச் சேரடி என்றுதான் சொன்னேன்.

"அடுத்த தடவை புத்தி சொல்லாம வந்து பாருங்க."

சமையல்காரியிடம் அடுப்பை மூட்டாதே என்கிறாள்.

10 மார்ச், செவ்வாய்

ஜெயசீலி வீட்டில் ஒரு புத்தியும் சொல்லவில்லை. கடைசியில் ஜெபம் மட்டும் பண்ணினேன்.

14 மார்ச், சனி

பெருமையாகப் போய் ஜெயகுமாரியிடம் சொன்னேன். "என்ன ஜெபம் பண்ணீங்க?" என்றாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் பிடிவாதத்தை நொறுக்கும், புருஷனுக்கு அடங்கின நாவைக் கொடும், இவளுக்கு இடம் கொடுக்கிற தாய்க்கும் நல்ல புத்தி..." சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அப்போ ஜெயசீலி முகம் எப்படி இருந்தது?"

கண்ணை மூடியிருந்தவளுக்கு எப்படித் தெரியும்? என் ஜெபத்தை அளக்க இவள் யார்? வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் — அந்த முகம் எப்படித்தான் இருந்திருக்கும்?

15 மார்ச், ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை.

17 மார்ச், செவ்வாய்

இன்று ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தேன். ஜெயசீலியும் திறந்துதான் வைத்திருந்தாள். என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி?" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் அவளுக்கு வந்தது.

"அங்க அவரும் இப்டித்தான்கா பண்றாரு. என்னாண்ட நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சாயங்கால ஜெபத்துல, 'ஆண்டவரே, கொழம்புல புளி கொறைக்கற ஞானத்த இவளுக்குக் குடும்'னுவாரு. மாமியாரு ஆமென்னும். நான் யாராண்ட சண்ட போடறது? ஆண்டவராண்டயா?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவமானமாக இருந்தது. எந்த ஜெப அடிக்குப் பயந்து ஓடிவந்தாளோ, அதையே நானும் வாராவாரம் வீடு தேடிப் போய்க் கொடுத்திருக்கிறேன்.

21 மார்ச், சனி

எல்லாம் சொன்னேன். மனதில் என்ன ஓடியது என்று கேட்டாள். "வெட்கம்" என்றேன். அதற்கும் தலையாட்டினாள். சில சமயம் ஒரு புத்தியாவது சொல்லித் தொலைக்கலாம்.

ஆர்தருக்குச் சொல்லியனுப்பினேன்: பெட்டியை யாரிடமும் கொடுத்துவிடாதே, நீயே கொண்டு வா.

28 மார்ச், சனி

கொண்டுவந்தான். கூடத்தில் வைத்துவிட்டு நின்றான். ஜெயசீலி சுவரைப் பார்த்தாள். எனக்கு நாக்கு நமநமத்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஆர்தர் தலையைக் குனிந்து கண்ணை மூடினான். "அன்புள்ள ஆண்டவரே, இவ..."

"அவரு கேட்டுக்கினுதான் இருக்காரு," என்றாள் ஜெயசீலி. "என்னாண்ட சொல்லுங்க."

கண்ணைத் திறந்தான். அவளை நேராகப் பார்க்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"நீ இல்லாம வூட்ல இருக்க முடியல. வந்துடு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரயிலு எத்தினி மணிக்கு?"