வெட்டப்படாத ராணி

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் இடது முட்டி மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ம் கொட்டுகிறாய், அதனால்தான் கடிதம். கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார். நேற்று ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டே, தொலைந்துவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார். எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டேன். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று உன் அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு உன் மாமனார் செஸ் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நம் வீட்டுக்கு வந்தார். சும்மா வருகிற ஆள் இல்லை அவர், உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தூரத்து ஊரில் ஆளுக்கொரு வீட்டில் இருப்பதைச் சம்பந்தி வீட்டில் மூச்சு விடக் கூடாது, தெரிந்தால் என்னைத்தான் குறை சொல்வார்கள் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாயே, எங்கே வாய் தவறி வந்துவிடுமோ என்று அம்மா டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான், வெளியே வரவில்லை. நாங்கள் இருவரும் அட்டையை விரித்தோம். அவர் டிரைவிங் ஸ்கூல்காரர், காலமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர் தடுமாறும்போது தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பழகியவர். அந்தக் கால் செஸ் ஆடும்போதும் சும்மா இருப்பதில்லை. நான் ஏடாகூடமாகக் காய் நகர்த்தினால் மேஜைக்கடியில் அது தரையை ஓர் அழுத்து அழுத்துகிறது. அவருக்கே அது தெரியாது. நான் கண்டுபிடித்துவிட்டேன், கமுக்கமாக அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினேன். ஆட்டத்தின் நடுவில் நான் ராணியை நகர்த்தினேன், கால் பலமாக அழுத்தியது. என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரோ வெகுநேரம் அட்டையையே பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாமல் இடது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அப்புறம் மாற்றி மாற்றி வெட்டி, கடைசியில் இரண்டு ராஜா மட்டும் மிஞ்சி, ஆட்டம் டிரா.

அந்தக் கால் என் மண்டைக்குள்ளேயே இருந்தது. மறுநாள் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கவுண்டர் மேல் காய்களை அப்படியே அடுக்கிப் பார்த்தேன். என் ராணி ஒரு காவலும் இல்லாமல் அவருடைய மந்திரிக்கு நேர் மூலைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. வெட்டினால் வெட்டியதுதான், அதோடு ஆட்டம் காலி. இன்னொரு கூத்து கேள், அவர் சிப்பாயைத் தள்ளிய பிறகு நான் யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கியிருந்தால் அங்கேயே செக்மேட். அவருடைய ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னால் நகர வழியில்லாமல் அடைந்து கிடந்தது. நான் அதையும் பார்க்கவில்லை, எதை மறைப்பது, எதைப் பேசுவது என்றுதானே யோசித்துக்கொண்டிருந்தேன். என் கதை அப்படி. ஆனால் அவர் பார்த்தாரே, கால் சொன்னதே, ஏன் வெட்டவில்லை? மரியாதையா? மறதியா? இரண்டு நாள் இதே யோசனைதான். ஒரு பாட்டிக்குப் படிக்கிற கண்ணாடியைக் கொடுப்பதற்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பி, அந்த அம்மா திரும்பி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அவர் கிளம்பும்போது பேசியது ஞாபகம் வந்தது. எப்போதும் பசங்க எப்படி இருக்காங்க என்று உங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கேட்பார். அன்றைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே, அங்க குளிர் ஜாஸ்தியாமே சம்பந்தி, அவ இருக்கிற வீட்ல ஹீட்டர் ஒழுங்கா வேலை செய்யுதா என்று கேட்டார். செய்யுது என்றேன் மடையன் மாதிரி. அவருக்கு எல்லாம் தெரியும்மா. ஆட்டம் முடிந்தால் எழுந்து போக வேண்டும், போவதற்குள் உன்னைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும், வாய் வரவில்லை, அதனால்தான் ராணியை விட்டார். உள்ளே வாங்க, பேசலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

சேர்ந்து இரு, பிரிந்து இரு என்று சொல்ல இதை எழுதவில்லை, அது உங்கள் இருவர் பாடு. ஆனால் உன்னைக் குறை சொல்ல வந்தவர் ஹீட்டரைப் பற்றிக் கேட்க மாட்டார். இனிமேல் உன்னிடம் பேசத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். வர்ற ஞாயிறும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ பேசுகிறவரை அவர் வந்துகொண்டே இருப்பார், நாங்கள் ஆடிக்கொண்டே இருப்போம், இரண்டு பேரும் ஜெயிக்க மாட்டோம். நீயே அவருக்கு ஒரு போன் போடு. மாமா, நான்தான் என்று மட்டும் சொல், போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எந்த வீட்டில் இருந்தாலும் அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பகலில் அவர் வண்டியில் இருப்பார், போனை எடுக்க மாட்டார். சாயங்காலமாகக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா