கோந்தா, விரிசலா

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நகப்பூச்சைத் துடைத்தேன். நேற்று செங்கல்பட்டில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவள்தான் வம்படியாக என் கையைப் பிடித்துப் பூசிவிட்டிருந்தாள். பஞ்சில் அசிட்டோனை ஊற்றியதும் எழுந்த வாசனையில் உன் ஞாபகம் வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அழுகை வரவில்லை. நாம் பார்த்த வேலைதான் நினைவுக்கு வந்தது.

திருப்போரூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் இருவர் மேலும் நாள் முழுக்க இந்த வாசனைதான் அடிக்கும். பழைய விமானம் ஒன்றின் இறக்கையை ஷெட்டில் பொருத்தி வைத்திருந்தார்கள். பறக்கும்போது காற்று செய்கிற வேலையை அங்கே ஒரு ஜாக்கி செய்தது. இறக்கையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிந்துவிடுகிறதே, இறக்கைக்கும் அதே கதிதான். ஆனால் ஒடிவதற்கு வெகுநாள் முன்பே எங்கோ ஒரு மயிரிழை விரிசல் விடும். அதைப் பிடிக்கத்தான் உலோகத்தை அசிட்டோனால் துடைத்து, நகத்தளவு சென்சார்களை ஒட்டினோம். உலோகம் எவ்வளவு நீள்கிறது என்று அவை சொல்லும். எண் மெல்ல நகர ஆரம்பித்தால் இரண்டில் ஒன்று: உலோகத்தில் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது சென்சாரை ஒட்டிய கோந்து பிடிவிட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

நான் எப்போதும் கோந்து என்பேன். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கோந்து வேறு என்ன செய்யும்? நீ திறந்து பார்க்கச் சொல்வாய். திறப்பார்கள், ஒன்றும் இருக்காது. ஆபீசில் உனக்கு ‘விரிசல் ராணி’ என்றே பேர். கேன்டீனில் நீ தட்டோடு வந்து உட்கார்ந்ததும் ஸ்டோர்ஸ்காரர் ஆரம்பிப்பார்.

“இன்னா ராணிம்மா, இந்த வாட்டியாவது மாட்டிச்சா?”

“மாட்டல அண்ணாத்த. நீ நிம்மதியா துன்னு.”

“என் வண்டில ஒண்ணு ஒட்டிக் குடேன். தெனம் பேஜார் பண்ணுது.”

“உன் வண்டிக்கு சென்சார் வாணாம். சங்குதான் ஊதணும்.”

நீ வெட்கப்பட்டதே இல்லை. எனக்குத்தான் உனக்காகக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் கோவளத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வறுத்த மீன் வாங்கித் தின்றோம். “ஏண்டி ஒவ்வொரு தடவையும் விரிசல்னு சொல்லி அசிங்கப்படற?” என்று கேட்டேன். நீ முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாய்:

“நான் எங்கடி விரிசல்னு சொன்னேன்? தெர்லன்னு சொன்னேன். உனக்கு மட்டும் தெரியுமா?”

அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அப்புறம் ஓர் ஐப்பசியில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். புதுப்பட்டினத்தில் உன் வீட்டு வாசலில் ஷாமியானாவைப் பார்த்தபோதுகூட, லீவு முடிந்ததும் வந்துவிடுவாய் போலத்தான் இருந்தது. நீ திறக்கச் சொன்னதையெல்லாம் இப்போது எண்ணிப் பார்த்தாலும் கோந்துதான். நான் சொன்னதுதான் சரி. நீ இல்லை என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நம்மிடம் சென்சார் வாங்கிய விமானப் பயிற்சிப் பள்ளியின் விமானங்களில் அவை இன்னும் பறக்கின்றன. ஒரு விமானத்தில், இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில், மழை தொடங்கியதிலிருந்து எண் நகர்கிறது. சென்சார் உள்ளே இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் இறக்கையையே கழற்ற வேண்டும். முன்பு நீ சொல்லிக் கழற்றியதை அவர்கள் மறக்கவில்லை. இன்னொரு முறை வீணாகக் கழற்றவைத்தால் சென்சார்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை விட்டால் நமக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை. அவர்களும் போய்விட்டால் ஆபீசில் நம் குழுவையே கலைத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சொன்னார்: “மழைக்காலம் மேடம், கோந்துதான். நீங்களே எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க? அந்த ஒரு சென்சாரை விட்டுட்டு, பறக்கலாம்னு சொல்லிடுங்க.” குழுவில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு இது முதல் வேலை. “திங்கக்கிழமை சொல்றேன்” என்று எழுந்துவிட்டேன்.

இன்று திங்கட்கிழமை. எனக்கும் கோந்து என்றுதான் தோன்றுகிறது. முன்பெல்லாம் அதோடு யோசனையை நிறுத்திக்கொள்வேன். திறக்கச் சொல்வதற்கு எதிர் நாற்காலியில் நீ இருந்தாய். அதனால் கோந்து என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது அந்த அறையில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அந்த விமானத்தைப் பிள்ளைகள் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

கூட்டத்தில் இறக்கையைக் கழற்றச் சொல்லப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. அப்புறம் நாங்கள் எல்லாரும் வேறு வேலை தேட வேண்டியிருக்கும். அதையும் யோசித்துவிட்டுத்தான் சொல்லப்போகிறேன்.