இடது காலுக்கு வேலையில்லாத கார்

12-8-1971, வியாழன். தாம்பரம்.

வேலை கிடைக்கவில்லை. இந்த இடது கால்தான் கெடுத்தது.

பல்லாவரத்து பங்களா ஒன்றில் டிரைவர் வேலை. பின்கட்டில் ஓர் அறையும் தருவதாகச் சொன்னார்கள். வண்டலூரில் தாய் வீட்டில் இருக்கும் மேரியை அழைத்து வந்து குடித்தனம் வைக்கலாம் என்றிருந்தேன். முதலாளி பின்சீட்டில் உட்கார, நான் ஓட்டிக்காட்ட வேண்டும். வெளிநாட்டுக் கார். கிளச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும் என்றார்.

நான் ஓட்டுவது கல்குவாரி லாரி. அதில் ஒரு கியர் மாற்றக் கிளச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். நடுவே நியூட்ரலில் விட்டு, பற்சக்கரங்களின் வேகம் ஒத்துவரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கியர் பெட்டியே கதறும். கார் வேகமெடுத்ததும் இடது கால் பழக்கத்தில் ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். முதலாளியின் நெற்றி முன்சீட்டில் மோதியது.

“ஏம்பா, இது என்ன உன் கல்லு லாரியா? இறங்கு மொதல்ல!”

கேட்டில் காவல்காரர் சிரித்தார். “இன்னா நைனா, போன சுருக்குல வந்துகினு கீற?”

அந்த பங்களாவுக்குக் கல் வந்து சேர்ந்ததுகூட என்னைப்போல் ஒருவன் கிளச் மிதித்துத்தான். அதை யாரிடம் சொல்ல? ஸ்டேஷன் வரை நடந்தே வந்தேன்.

இங்கே என் அறையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. பாயில் படுத்தாலும் இடது கால் சுவரை மிதிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மேரியைப் பார்க்கப் போக வேண்டும். அந்தப் பின்கட்டு அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லியிருந்தாள். அதைக்கூட நான் பார்க்கவில்லை.