அத்தையின் இடது பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

தலைகீழார் வருகிறார், நம்ம ஊருக்கு, நேரில், இந்த மாதக் கடைசி ஞாயிறு, அவரோடு மேடையில் கையை ஊன்றித் தலைகீழாக நிற்கப்போகிற பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி.

சரி. மூச்சு விடு. நிதானமாக எழுது.

பிற்பாடு படிக்கும்போது எனக்கே புரியவேண்டும், அதனால் இது: தலைகீழார் என்பது, கையால் நிற்கச் சொல்லித்தருகிற வீடியோக்காரருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர். ரெண்டு வருஷமாக அவர் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் காலைச் சாய்த்து, விழுந்து, மூக்கை உடைத்துக்கொண்டு, நானாகவே கற்றுக்கொண்டேன். ரசிகர்கள் எல்லாரும் ஒரே குழுவில் இருக்கிறோம். பெயர் ‘கவிழ்ந்த கூட்டம்’. காலையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கணும், தலைகீழாக நிற்கணும், படம் எடுத்துப் போடணும். அதுதான் எங்கள் குட் மார்னிங்.

நான் வேலை பார்க்கிற போன் ரிப்பேர் கடையில் முதலாளியிடம் சொன்னேன். திறந்து கிடந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப சம்பளத்தையும் தலைகீழா தரட்டுமா?” என்றார். லீவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அத்தை: “நீ எங்க வேணா நில்லுடீ. சுவத்துல இருக்கிற கால் தடத்தை எவ துடைக்கிறது?”

மார்ச் 5, வியாழன்

அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற முறை இன்று எனக்கு. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது. இடது கண் கிட்டத்தட்ட போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரம் இல்லை. வலியே இருந்ததில்லையாம். தெரிந்தபோது போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு மருந்து. இடது பக்கம் டம்ளர் வைத்தால் தட்டிவிடுவாள். கேட்டால், “அது ஏன் நான் வர்ற வழியில நின்னுச்சு?” என்பாள்.

அழுத்தம் அளக்கிற அக்கா நீல வெளிச்சத்தைக் காட்டி, ஒரு சின்ன முனையால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். நான் வைத்த பெயர் நீலவிளக்கு அக்கா. அத்தைக்கு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ யாரும்மா இவங்களுக்கு?”

“அண்ணன் பொண்ணு.”

“ரத்த சொந்தம். அப்ப நீயும் உக்காரு.”

என் கண்ணழுத்தம் இருபத்து மூன்று. இருபத்தொன்றைத் தாண்டினால் கொஞ்சம் கவனிக்கணுமாம். அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம், பயப்படாதே என்றார்.

பயப்படவில்லை. கொஞ்சம்தான்.

மார்ச் 7, சனி

தூங்காமல் இணையத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். நல்ல செய்தி. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காக இருப்பது கண்ணுக்கு நல்லது. உடற்பயிற்சி செய்தால் கண்ணழுத்தம் குறையுமாம். நடை, சைக்கிள் என்று ஏதேதோ போட்டிருந்தது. நடையா? எனக்கா? உலகத்திலேயே பெரிய பயிற்சி என் கையில் இருக்கிறது, சொல்லப்போனால் என் கையே அதுதான்.

இனி மூன்று வேளையும் கவிழ்வேன். தண்ணீரும் மூன்று பாட்டில். யார்கிட்ட.

மார்ச் 12, வியாழன்

முப்பது.

முப்பது. எப்படி? ஒரு வேளைகூட விடலையே. உள்ளே கூப்பிடும் வரைக்கும் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு — தலைகீழாகத்தான் — உடம்பை நல்லா சூடாக்கிட்டுத்தானே போனேன். பாட்டிலைக்கூட காலி பண்ணிட்டுத்தானே போனேன்.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். “இந்த வயசுல இவ்வளவா. அடுத்த வாரம் நரம்பையும் பாத்துட்டு மருந்து ஆரம்பிச்சிடலாம்.”

அந்தச் சொட்டு மருந்துப் பெட்டி எனக்குத் தெரியும். குளிர்பெட்டிக் கதவில் அத்தையுடையது நிற்கிறது. அதன் பக்கத்தில் இனி எனக்கும் ஒன்று.

கடையில் நான் பார்ப்பது அரிசியில் பாதி இருக்கிற பாகங்கள். கண்ணு போச்சுன்னா நான் யாரு?

மார்ச் 13, வெள்ளி

நான்கு வேளை நின்றேன்.

மார்ச் 19, வியாழன்

இதை ஒழுங்காக எழுதணும். மறக்கவே கூடாது.

இந்தத் தடவை அத்தையும் என்னோடு வந்தாள். “எனக்குத் துணைக்கு வந்தல்ல, இப்ப நான் வர்றேன். கணக்கு சரி.” அளக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மாடிப்படிக்குக் கீழே யாரோ தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார்கள். இடம் இல்லை. பாட்டிலைக் காலி செய்தேன். பெஞ்சை ஒட்டி, அத்தையின் இடது பக்கம் ஒரு கை தூரத்தில், சுவரில் காலைப் போட்டுக் கவிழ்ந்துவிட்டேன்.

அறைக்குள்ளிருந்து நீலவிளக்கு அக்கா குரல் கேட்டது. “உங்க பொண்ணு எங்கம்மா? கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.”

“இங்கதான் இருந்தா. தண்ணி குடிக்கப் போயிருப்பா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை நடிக்கிறாள், என்னை மாட்டிவிடாமல் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். தலைகீழாக அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நடிக்கவில்லை. என்னைத் தாண்டி, வராந்தாவின் அந்தக் கோடி வரை தேடிக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி, நிஜமாகத் தேடினாள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் அவளுக்கு இல்லை.

ஐயோ. இதுதானா அது. ஒரு ஆளே இல்லாமல் போவது.

கால் தானாக இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார்.

“நீ அங்க என்ன பண்ணிட்டு இருந்த?”

“அழுத்தம் குறையணும்னுதான்க்கா.”

“போன வாரமும் இப்படித்தான் நின்னியா?”

“போன வாரம் மாடிப்படிக்குக் கீழ.”

அக்கா காலி பாட்டிலைப் பார்த்தார். “இதையும் நீதான் குடிச்சியா?”

“ஒரே மூச்சுல.”

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. நேராக டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மாதான் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு.

“பயிற்சி நல்லதுதான்மா. நட, ஓடு, சைக்கிள் ஓட்டு, கண்ணழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஆனா தலைகீழா நின்னா கண்ணுக்குள்ள ரெண்டு மடங்கு கிட்ட ஏறும். நேரா நின்னதும் இறங்கிடும். தண்ணியை மொத்தமா குடிச்சா அதுவும் கொஞ்ச நேரத்துக்கு ஏத்தும். நீ ரெண்டையும் பண்ணிட்டு நேரா வந்து அளக்க உக்காந்திருக்க.”

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “பரீட்சைக்குப் படிக்கச் சொன்னா படிக்கமாட்டா டாக்டர். இதுக்கு மட்டும் விழுந்து விழுந்து படிச்சிருக்கா.”

நெடுநேரம் சும்மா உட்காரவைத்தார்கள். நரம்பைப் படம் எடுத்தார்கள், ஓரப் பார்வையைச் சோதித்தார்கள். கடைசியில் மறுபடி நீல விளக்கு. இருபத்திரண்டு. நரம்பு நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வரணும்.

“ஆனா கவிழ்றது வேண்டாம்மா. மத்தவங்க எப்படியோ, உங்க குடும்பத்துக்கு வேண்டாம்.”

அத்தை வந்திருக்காவிட்டால் நான் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டேன். அக்கா தேடி வராவிட்டால் இல்லாத நோய்க்கு மருந்து, கூடவே தினம் நான்கு வேளை நரம்புக்கு அடி. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஆட்டோ ஓட்டியவரிடம் ரெண்டு தடவை நன்றி சொல்லிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். மேடையில் நிற்கமாட்டேன் என்பதையும். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ரெண்டு வருஷம்டா.

மார்ச் 22, ஞாயிறு

“பயந்துட்டியா?”, “இதெல்லாம் டாக்டர்ங்க சொல்ற கதை”, “கூட்டத்துலேருந்து நேரா நிமிர்ந்த முதல் ஆள்”. கடைசியாகச் சொன்னவனுக்கு மட்டும் சிரிப்பு பொம்மை போட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

தலைகீழார் படித்துவிட்டார். பதில் இல்லை.

மார்ச் 25, புதன்

குரல் பதிவு. அவரிடமிருந்து. எனக்கு. கடையில் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

“தங்கச்சி, பதில் சொல்ல லேட்டாயிடுச்சு, போய் என் கண்ணை அளந்துட்டு சொல்லலாம்னு இருந்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இத்தனை வருஷமா இத்தனை பேரைக் கவுத்து விட்டிருக்கேன், ஒருத்தர்கிட்டகூட வீட்டுல யாருக்காவது கண்ணுல இது இருக்கான்னு கேட்டதில்ல. இனிமே மொத கேள்வி அதுதான். ஞாயித்துக்கிழமை நீ கண்டிப்பா வர்ற. மேடையில உன் இடம் உனக்குத்தான். நேரா நில்லு, போதும்.”

முதலாளியும் கேட்டார். “ஆளு பரவால்லையே” என்றார். அவர் வாயில் இது பெரிய பட்டம்.

மார்ச் 30, திங்கள்

நேற்று. பதினொரு பேர் வரிசையாகக் கவிழ்ந்தார்கள், நடுவில் தலைகீழார். ஓரத்தில் நான் மட்டும் காலால் நின்றேன், யாராவது சாய்ந்தால் பிடிக்க. கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நேராக நின்றதால் எல்லாம் தெரிந்தது.

முன்வரிசையில் அத்தை. மொத்த வரிசையும் அவள் கண்ணில் ஒரே தடவையில் விழாது. அதனால் தலையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு ஆளாக. கடைசியில் என்னிடம் வந்து நின்றாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினாள், பக்கத்துச் சீட்காரர் தோளில் ஒரு இடியோடு.

திரும்பும்போது சொன்னாள்: “நீ நின்னதுதான் அழகு. அவங்க முகமெல்லாம் தக்காளி மாதிரி இருந்துச்சு.”

இன்று காலை இருவரும் வேகமாக நடந்தோம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். சுவரையும் நானே துடைத்துவிட்டேன்.

கீழே இருப்பது மட்டும் குழுவுக்கு. இப்போதே போடப்போகிறேன்:

கவிழ்ந்த கூட்டமே, வரும் ஞாயிறு காலை, பெரிய பூங்கா வாசல். நடக்கத்தான், கவிழ இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணழுத்தம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் நீங்களும் போய் அளந்துகொள்ளுங்கள், அளக்கப் போகும் முன் என்னை மாதிரி எதுவும் செய்யாதீர்கள். இதை உங்கள் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புங்கள். வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள், காலை அல்ல. அத்தையும் வருகிறாள். அவள் இடது பக்கம் நான் நடப்பேன். வலது பக்கம் காலியாக இருக்கிறது, யார் வருகிறீர்கள்?