மீனை விட்ட பிறகு ஒரு படம்

பிள்ளையார் துணை

மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து
18.08.1996

என் அன்பு மகன் நிமலனுக்கு அம்மா எழுதுவது. அக்கா வீட்டில் நாங்கள் எல்லோரும் சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். முதலில் அக்காவின் பிள்ளைகளைப் பற்றி நல்ல செய்தி. நிசாந்தினி உயிரியலில் வகுப்பிலேயே முதலாவது, டொக்டருக்குப் படிக்கக்கூடிய பிள்ளை என்று டீச்சரே அக்காவிடம் சொன்னாவாம். சுலக்ஷன் கணக்குப் போட்டியில் பரிசு வாங்கி, பேப்பரில் பெயரும் வந்தது, வெட்டிச் சாமியறையில் ஒட்டியிருக்கிறேன். உன்னையும் விடவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசையில் அம்புஜத்திடம், என் மகன் மலைப்பக்கத்து மின்சார நிலையத்தில் எஞ்சினியர் என்று சொன்னேன். அங்கே தனியாகவோ இருக்கிறார் என்று கேட்டா. இல்லை, மீன் பிடிக்கப் போகிற சிநேகிதர்கள் நிறையப் பேர் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது மெய்யோ என்று எனக்கே தெரியவில்லை ராசா.

புதன்கிழமை ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம் பிடித்து, அவருக்குப் பிடித்த வாழைக்காய்க் கறியும் விடியவே சமைத்துப் படைத்தேன். இந்த ஊரில் காகம் ஏது, வேலிக்கட்டையில் வைத்த சோற்றை மைனாதான் வந்து தின்றது. மாமா இவ்வளவு தூரம் வர ஏலாமல் ஆளனுப்பியிருக்கிறார் என்று அத்தான் பகிடி விட்டார். சாப்பிட்டதும் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள், பின்னேரம் வரை நானும் குளிருக்குப் போட்ட ஹீற்றரும்தான். பிள்ளைகள் வந்தாலும் நான் தமிழில் கேட்க அவர்கள் இங்கிலிஷில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். நீ வருவாய் என்று உனக்கும் ஒரு இலை போட்டிருந்தேன். மழை பெய்து ஆறு பெருகி இப்போதுதான் தெளிகிறது, வாவியிலிருந்து மீன் ஏறுகிற நேரம், விட்டுவிட்டு வர முடியாது என்று போனில் சொன்னாய். கோபமில்லை. ஊரில் என்றால் அப்பாவுக்காகக் கீரிமலைத் தீர்த்தத்தில் இறங்கியிருப்பாய், இங்கே நீ அந்த ஐஸ் ஆற்றில் இறங்கி நின்றாய். அவரை நினைத்து ஒரு கை தண்ணீராவது அள்ளி விட்டாயோ.

குளிர் கூடினால்தான் மீன் நல்லாய் ஏறும், தூண்டில் வளையத்தில் ஐஸ் பிடிக்கும், வாயால் ஊதி ஊதித்தான் நூலை எறிய வேண்டும் என்று நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். செய்தி வாசிக்கிறவ சொல்வது விளங்காவிட்டாலும் டிவி வானிலைப் படத்தில் நீ இருக்கிற ஊர்ப்பக்கம் முகில் போட்டால், என் பிள்ளை நாளைக்கு ஆற்றுக்குள்தான் என்று தெரிந்துவிடும். இறகு கட்டின தூண்டில் முள்ளால் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுவதற்கு இவ்வளவு பாடோ என்று முந்திச் சிரித்தேன். போன மாதம் கல்லில் வழுக்கி விழுந்து, அந்த ரப்பர் காற்சட்டைக்குள் தண்ணீர் ஏறினதை நீ பகிடியாகச் சொன்னாய். அன்றோடு என் சிரிப்பு போய்விட்டது. யார் தூக்கிவிட்டது என்று கேட்டேன். நீ மீனின் நிறையைச் சொன்னாய்.

நீ அனுப்பின படங்களை நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மீன் கல்லில் கிடக்கிறது, ஒன்றில் வலைக்குள். இன்னொன்றில் உன் இடது கையில் மீன், கை மட்டும் தெரிகிறது. மற்றக் கையில் கமரா இருந்திருக்கும் என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது. பக்கத்தில் ஆள் இருந்தால் அவரிடம் கொடுத்து எடுத்திருப்பாய்தானே.

ஆற்றுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை, அதுவும் இல்லாவிட்டால் அங்கே உனக்கு என்ன இருக்கிறது. ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, வெள்ளைக்காரக் கிழவன் என்றாலும் பரவாயில்லை. ஈரக் காலுறையோடு நிற்காதே, இஞ்சித் தேத்தண்ணி ஃப்ளாஸ்கில் கொண்டு போ. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு.

மறக்காமல் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு ராசா. மீன் வேண்டாம், அதை விட்ட பிறகு எடு. உன் முகமும் இரண்டு கையும் தெரிய வேண்டும். வேறொருவர் எடுத்ததாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
சோ. பத்மாவதி