மூன்றாவது வரியில் இருந்தவருக்கு

என்னங்க,

காலமெல்லாம் இப்படித்தானே கூப்பிட்டேன், கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். போன இடத்தில் மழை உண்டா? இங்கே சாரல் பிடித்துவிட்டது. குற்றாலம் போகிற பஸ்ஸெல்லாம் மேலகரத்தைத் தாண்டும்போதே பிதுங்கி வழிகிறது. காற்றுக்கு மரம் சாய்வதும் கரண்ட் போவதும் பழையபடிதான். லைன்மேன் மட்டும் வேறு ஆள்.

நம் பேத்தி மீனா வந்திருக்கிறாள். விவரங்களைச் சேர்த்து வைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் ஒரு புரோகிராமை மெட்ராஸ் கம்பெனிக்காக எழுதியிருக்கிறாள். டேட்டாபேஸ் சர்வர் என்கிறாள். அதைத் தென்காசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் வைத்தார்கள். கரண்ட் போய் வந்தால் அதில் அழித்த ஆட்கள் பெயரெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது என்று மில்லில் புகார். மெட்ராஸில் அது ஒருநாளும் அப்படிச் செய்ததில்லையாம். இந்தத் தடவை சரிசெய்யாவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லித்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்கக் கையோடு கொண்டுவந்த கம்ப்யூட்டரை நம் வீட்டு முன்னறையில் இறக்கியதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆச்சி, இதுல படம் போடுவாளா?"

"போட மாட்டா."

"பெறகு எதுக்கு இம்புட்டுப் பெரிய டிவி?"

"ஒம்ம வீட்டு ரேடியோவத் திருக்கவே ஒமக்கு ஆள் வேணும். இது எம் பேத்தி எழுதுனதாக்கும்" என்றேன்.

முதல் நாள் முழுக்க பிளாப்பித் தட்டு மாற்றுவதிலேயே போனது. புரோகிராமை எழுதுவது, ஓடுகிற மாதிரி அதைக் கட்டுவது, நடுவில் நிறுத்திப் பார்ப்பது எல்லாம் ஒரே திரையில் நடக்கும்படி அமைக்க வேண்டுமாம். எது எங்கே கிடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்காததால் திரை முழுக்கத் தப்பாகவே கொட்டியது. சரியாகச் சொல்லிக் கொடுத்ததும் அடங்கி வேலை செய்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கும்படி சொல்கிறாள். பெருமையாக இருக்காதா?

சோதித்துப் பார்க்க நம் குடும்பத்துப் பெயர்களையே வரிசையாக ஏற்றினாள்.

"தாத்தா முழுப் பேர் என்ன ஆச்சி?"

"படத்துக்குக் கீழ எழுதியிருக்கு, பாத்துக்கோ."

இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. மேலிருந்து மூன்றாவது வரி நீங்கள் என்று விரல் வைத்துக் காட்டினாள். பிறகு என் பெயரை அழிக்கப் போனாள்.

"ஏட்டி, உயிரோட இருக்கவ பேரையா அழிப்ப?"

"அப்ப தாத்தா பேர அழிக்கேன். அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

அழித்தாள். புரோகிராமை ஒவ்வொரு வரியாக நடத்தி, ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "இப்ப அணைங்க ஆச்சி" என்பாள். நீங்கள் பலகை அடித்து மாட்டிய மெயின் சுவிட்சை நான் இறக்குவேன். மறுபடி ஏற்றிப் பார்த்தால், மூன்றாவது வரியில் நீங்கள்.

"தாத்தா போவ மாட்டேங்காவ" என்று தலையில் கைவைப்பாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் உத்தியோகம் பூராவும் அப்படித்தானே. கரண்ட் போனால் குடைகூட எடுக்காமல் இறங்கிப் போவீர்கள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் வந்த பிறகு நனைந்துபோய் வாசலில் நிற்பீர்கள். விளக்கு எரிந்ததும் வெந்நீர் போட்டுப் பழகினவள் நான். நெஞ்சுவலி வந்து நீங்கள் போன அன்று மட்டும் ஊரில் கரண்ட் போகவே இல்லை.

இந்தத் தடவை நீங்கள் வர வர, அவள் முகம் வாடிக்கொண்டே போனது. நான் யார் பக்கம் நிற்பது?

நேற்றுக் காலை கோளாறைப் பிடித்துவிட்டாள். அழித்ததை டிஸ்க்கில் பதியும் முன்பே, அழித்தாகிவிட்டது என்று புரோகிராம் சொல்லிவிடுகிறதாம். அதற்குள் கரண்ட் போனால், மறுபடி எழும்போது டிஸ்க்கில் கிடக்கும் பழையதை எடுத்து வைத்துக்கொள்ளும். பதிந்துவிட்டுச் சொல்லும்படி மாற்றி எழுதினாள். உங்கள் பெயரை அழித்தாள். அதே இடத்தில் நிறுத்தினாள்.

"அணைங்க ஆச்சி."

என் கை சுவிட்சிலேயே இருந்தது.

"என்ன ஆச்சி?"

"ஒண்ணுமில்லட்டி."

இறக்கினேன். ஏற்றினேன். மூன்றாவது வரியில் இப்போது அம்மா என்று மீனா விரல் வைத்துக் காட்டினாள். கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு வரி மேலே ஏறியிருந்தார்கள்.

"போயிட்டாவ ஆச்சி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லதுட்டி. வேல நெலைச்சுது."

நம்பிக்கை வர வேண்டும் என்று மறுபடி மறுபடி இறக்கி ஏற்றச் சொன்னாள். ஒரு தடவைகூட நீங்கள் வரவில்லை.

நாளைக்கு அவளுக்கு மெட்ராஸ் ரயில். திருத்தியதை மில்லில் ஏற்றிக் கொடுத்தாயிற்று, கம்ப்யூட்டரைப் பெட்டியில் போட்டாயிற்று. நேற்றுச் சாயங்காலம் காற்றில் கரண்ட் போய் வந்ததும் எழுந்துபோய் வெந்நீர் போட்டேன். யாருக்கு என்று கேட்டாள். கால் வலிக்கு என்றேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். தென்காசி ஸ்டேஷனில் அவள் ரயில் கண்ணை விட்டு மறையும்வரை சிரித்துக்கொண்டே நிற்பேன். அதற்குப் பிறகு என்னை எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத,
உங்கள் வீட்டுக்காரி,
மேலகரம்.