கலர் லேப் குளிர்ந்த வாரம்

1989 மே 8, திங்கள்

இனி எழுதப்போவதை நம்புகிறவன் இன்னும் பிறக்கவில்லை. இருந்தாலும் காரைக்காலின் குளிர்சாதனச் சக்கரவர்த்தி முசியே இஞ்ஞாசியாகிய நான், முழு நினைவோடு, வெற்றிலைகூடப் போடாமல் எழுதுகிறேன்.

அக்கா மகள் அமலராணியின் கலர் போட்டோ லேபில் இன்று ஏசி மாட்டிவிட்டேன். பிரான்சிலிருந்து அவள் சித்தப்பா அனுப்பிய புது மாதிரி. கம்ப்ரசருக்குள் பிஸ்டனே கிடையாது. கைமுறுக்கு மாதிரி இரண்டு சுருள், ஒன்றுக்குள் ஒன்று. ஒன்று அசையாமல் இருக்கும்; மற்றது ஆடி ஆடி வாயுவை நடுவுக்குத் தள்ளி நசுக்கும். இத்தனை வருஷமும் நான் கட்டி மேய்த்ததெல்லாம் பிஸ்டன். இது பூனை தூங்குகிற சத்தத்தில் ஓடுகிறது. போட்ட கொஞ்ச நேரத்தில் அரசலாறு உறைந்து, ஜனங்கள் அதன்மேல் சைக்கிள் விட்டார்கள்.

மே 10, புதன்

நேற்று சாயங்காலம் பேய்க்காற்று, மழை. கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது. லைன்காரர்கள் இன்று பகலெல்லாம் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள். ஏசியைப் போட்டேன். பூனை போய் ஆட்டுக்கல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடகடவென்று ஒரே சத்தம். குளிர்ச்சி? சுத்தம்.

அறை இப்படிக் கொதித்தால் மெஷினில் ஊற்றுகிற மருந்து கெடும். கல்யாணப் படத்தில் பொண்ணு பச்சையாக விழுவாள்.

மே 11, வியாழன்

வாயு அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டிப் பார்த்தேன். கம்ப்ரசர் வேலை செய்தால் ஒரு முள் ஏற வேண்டும், ஒரு முள் இறங்க வேண்டும். இரண்டும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி அசையாமல் நிற்கின்றன. சோப்பு நுரை வைத்துப் பார்த்தாயிற்று, கசிவு இல்லை. மோட்டார் காயில் நன்றாக இருக்கிறது. கரண்ட்டோ கம்மியாகத்தான் இழுக்கிறது. அப்படியென்றால் மோட்டார் சுற்றுகிறது, பாரம் இல்லை. சுருள் உடைந்துவிட்டதா? திறந்து பார்க்கலாமென்றால் பற்றவைத்து மூடிய இரும்புக் குடம். அறுத்தால் அதோடு சரி.

அடைக்கலராஜ் அத்தான் வந்து நின்றார். அமலராணியின் அப்பா. பொம்பளைப் பிள்ளைக்கு லேப் எதற்கு என்று ஆரம்பத்திலிருந்தே முறைத்துக்கொண்டிருக்கிறவர். கும்பகோணத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கலர் மெஷினைக் கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம்.

"ஓடாத ஏசிய நீ கட்டிப்புடிச்சுக்க மச்சான். மெஷின் போவட்டும்."

அவர் போன பிறகு அமலராணி என் பக்கத்தில் வந்தாள். "மாமா, அந்தாளு வந்தா நான் மெஷினோட உள்ள பூட்டிக்குவேன். நீங்க ஜன்னல் வழியா சோறு மட்டும் குடுங்க."

அவள் சிரிக்கவில்லை. நானும்.

மே 12, வெள்ளி

விட மாட்டேன். இரும்பை விட நான் பிடிவாதம்.

மே 13, சனி

கேஜையே சந்தேகப்பட்டு, சந்தைப்பேட்டை வரை போய் வேறு கேஜ் இரவல் வாங்கி வந்தேன். அதே முள், அதே கோபம். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட விடவும் பயம்.

லேபுக்குப் பின்னால் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சோமு டெஸ்டர் கேட்டு வந்தார். மழை ஈரம் காய்ந்து இன்றைக்குத்தான் பம்புசெட்டைப் போட்டாராம்.

"மோட்டார் ஓடுது, தண்ணி வரலைங்க. காத்துக்குப் பொறவு மூணு பேஸ் லைன்ல ரெண்ட எடம் மாத்திக் குடுத்துட்டானுவ. திருப்பிக்கிட்டு ஓடுது. ரெண்டு ஒயர மாத்திக் கட்டணும்."

டெஸ்டரை நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அதே கம்பத்து மூன்று பேஸ்தானே எங்கள் ஏசிக்கும்? பிஸ்டன் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏறும், இறங்கும், நசுக்கும். திசை என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. சுருள்? அதற்கு ஒரே பக்கம்தான்! திருப்பிச் சுற்றினால் எதை நசுக்கும்—

சோமுவுக்கு டெஸ்டர் கொடுத்தேனா என்பதே நினைவில்லை. மெயினை இறக்கி, மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றி முறுக்கினேன். இத்தனை தடவை திருப்பி ஓட்டியதில் சுருள் தேய்ந்திருந்தால்? போச்சு, எல்லாம் போச்சு. சுவிட்சை அமலராணியையே போடச் சொன்னேன்.

ஒரு முள் ஏறியது. ஒரு முள் இறங்கியது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருந்துத் தொட்டியைக் கழுவப் போனாள். தொட்டிக்குள்ளிருந்தே குரல் மட்டும் வந்தது: இனிமேல் லைன்காரங்க கம்பத்துல ஏறி இறங்கினா, மொதல்ல முள்ளப் பாத்துட்டுத்தான் மாமா மத்தது.

மே 14, ஞாயிறு

கும்பகோணத்தார் லேபுக்குள் காலை வைத்ததும் விறைத்துப்போனார். நாலு பேர் சேர்ந்து தூக்கி வெயிலில் சாய்த்து வைத்தோம். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன்காரர்கள் கோடாலியோடு வந்து, சுவரில் ஐஸ் வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். அத்தான் விருந்தாளிக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, மெஷினைப் பற்றி வாயே திறக்காமல், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மே 21, ஞாயிறு

சொர்ணாம்பாள் வீட்டுக் கல்யாணப் படங்கள் வெளியே வந்தன. பொண்ணு பொண்ணு நிறத்திலேயே இருக்கிறாள்.

ஆறு உறைந்ததற்கும் கோடாலிக்கும் சாட்சி கேட்டு யாரும் வர வேண்டாம். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. இன்று பூசை முடிந்து அத்தான் நேரே லேபுக்கு வந்தார். வெளியே அக்னி நட்சத்திர வெயில். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"குளுருதும்மா. கொஞ்சம் கொறச்சு வையேன்."

எழுந்து மட்டும் போகவில்லை.